மொழிபெயர்க்க வந்தவர்

ஆறரை மணி வகுப்புக்கு ஆறேகாலுக்கே போய்விட்டேன். தோக்கியோவில் ஷின்ஜுகு, வகாமட்சு-சோ. சுரங்க ரயிலில் இருந்து மேலே ஏறினால் சாதாரணக் குடியிருப்புத் தெரு. ஐகிடோ என்ற ஜப்பானியத் தற்காப்புக் கலையின் தலைமைப் பயிற்சிக்கூடத்தை ஏதோ அலுவலகம் என்று நினைத்து ஒருமுறை தாண்டியே போனேன்.

நான் பயிற்சிக்கு வந்தவன் இல்லை. ஆந்த்ரே நொக்கே குருகுலவாசம் செய்த இடத்தைப் பார்க்கும் ஆசைதான். அவர் தங்கிய பழைய மரக்கூடத்தை அறுபதுகளிலேயே இடித்துவிட்டார்கள் என்று தெரிந்தும் வந்தேன்.

நொக்கே பிரெஞ்சுக்காரர், ஜூடோ ஆசிரியர். பிரான்சுக்கு வந்த ஜப்பானிய ஆசிரியர்கள் மொச்சிசுகி, தடாஷி அபே இருவரிடமும் ஐகிடோ கற்றவர். அது போதாதென்று 1955-ல், நாற்பது கடந்த வயதில், ஐகிடோவை உருவாக்கிய மூலகுரு மோரிஹெய் உவேஷிபாவிடமே வந்து சேர்ந்தார். 1957 வரை அங்கேயே சாப்பாடு, அங்கேயே தூக்கம். அப்படி உள்மாணவராக இருந்த முதல் ஐரோப்பியர் அவர்தான் என்கிறார்கள். குருவுக்கோ எழுபதுக்கு மேல். ஜப்பானின் பூர்வீக மதமான ஷின்டோவின் தெய்வங்களும் பழம்புராணமும் கலந்த அவர் பேச்சு ஜப்பானிய மாணவர்களுக்கே பாதி புரியாதாம்!

ஓரமாக மண்டியிட்டு உட்கார்ந்தேன். ஆசிரியர் ஒரு உத்தியை நான்கு தடவை செய்து காட்டினார், வலம் இரண்டு, இடம் இரண்டு. விளக்கவுரை எதுவும் இல்லை. உடனே எல்லோரும் ஜோடி சேர்ந்துகொண்டார்கள். ஒரு வெள்ளைக்காரப் பையனின் மணிக்கட்டைப் பிடித்திருந்த ஜப்பானியத் தாத்தா, பையன் தோளை இறுக்கும்போதெல்லாம் அந்தத் தோளை இரண்டு விரலால் தட்டினார். மூன்றாவது தட்டலில் தோள் இறங்கியது. தாத்தாவே போய் விழுந்தார், தரையில் பளீரென்று ஒரு அறை.

உத்திக்கு இது போதும். குருவின் பேச்சுக்கு ஆள் வேண்டுமே? நொக்கேவுக்காக அதை மொழிபெயர்த்தவர் இட்சுவோ ட்சுடா. பாரிசில் படித்தவர், ஏர் பிரான்ஸ் ஊழியர். நொக்கேவைப் போலவே 1914-ல் பிறந்தவர். என்னை இவ்வளவு தூரம் இழுத்து வந்தது உண்மையில் இவர் கதைதான். நொக்கே ஊர் திரும்பி ஐரோப்பாவில் கற்பிக்கத் தொடங்கிவிட்டார். ட்சுடாவோ 1959-ல், நாற்பத்தைந்து வயதில், அதே கிழவரிடம் மாணவராகச் சேர்ந்தார். பிறகு 1970-ல் அவரும் பிரான்சுக்கே கற்பிக்கப் போனார்.

வகுப்பு முடிந்து எழப் பார்த்தேன். இரண்டு காலும் மரத்துப் போயிருந்தன. தாத்தா வந்து ஒன்றும் பேசாமல் கையை நீட்டினார்.