27 பேர், மூன்று வழி, ஒரு சாலை

ஜூலை 1, செவ்வாய்

சமூகப் பணித் திட்டத்துக்குப் பிரச்சினையைத் தேர்ந்தெடுப்பதில் சண்டையே வரவில்லை. பள்ளி வாசலில் வண்டிகள் பறக்கின்றன, சாலையைக் கடக்கவே பயமாயிருக்கிறது என்று ஒன்பதாம் வகுப்பு 27 பேரும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். சரி, பாதிக் கிணறு தாண்டியாச்சு என்று நினைத்தேன். "என்ன செய்யலாம்?" என்று கேட்டதும் முதல் பெஞ்சிலிருந்து ஒருவன் "ஊர்வலம் போகலாம் மிஸ்" என்று கத்தினான், அவ்வளவுதான், பேனருக்கு என்ன நிறம், யார் முன்னால் நடப்பது என்பதிலேயே மீதி வகுப்பு போய்விட்டது. வேறு யோசனை வைத்திருந்தவர்கள் வாயே திறக்கவில்லை.

ஜூலை 3, வியாழன்

இன்றைக்குப் பேச்சே கிடையாது. ஆளுக்கொரு துண்டுச் சீட்டு, எட்டு நிமிஷம், பெயர் போடாமல் தனியாக எழுத வேண்டும். கூட்டமாக உட்கார்ந்தால் யோசனை பெருகும் என்றுதான் எல்லோரும் நம்புகிறோம். ஆனால் டீல், ஸ்ட்ரோப என்ற இரு உளவியலாளர்கள் 1987இல் வெளியிட்ட சோதனைகளில் தனித்தனியாக யோசித்தவர்களின் பட்டியல்களைச் சேர்த்தபோதுதான் அதிகம் தேறியது. அடுத்தவர் பேசி முடிக்கும் வரை காத்திருக்க வேண்டியிருப்பதே முக்கியக் காரணம் என்றார்கள். என் வகுப்பில் காத்திருப்பதற்குக்கூட வழியில்லை, முதல் பெஞ்ச் முடித்தால்தானே.

ஒரே மாதிரிச் சீட்டுகளைச் சேர்த்ததில் மூன்று குவியல் வந்தது: ஊர்வலம், மனு, கணக்கெடுப்பு. ஒரு சீட்டில் "எத்தனை வண்டி எவ்வளவு வேகத்தில் வருதுன்னு நமக்கே தெரியாதே" என்று மட்டும் இருந்தது. கையெழுத்தைப் பார்த்ததும் யாரென்று தெரிந்துவிட்டது, ஜூன் முழுக்க வகுப்பில் பேசாத பெண். காட்டிக்கொள்ளவில்லை.

ஜூலை 4, வெள்ளி

ஓட்டெடுப்பு. ஊர்வலம் 10, மனு 9, கணக்கெடுப்பு 8. ஊர்வலக்காரர்கள் குதித்தார்கள். "அப்போ 17 பேருக்கு வேண்டாம்தானே?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். நியாயம்தான். இரண்டிரண்டாக வைத்துக் கை தூக்கச் சொன்னேன். ஊர்வலமா மனுவா என்றால் ஊர்வலத்துக்கு 18. மனுவா கணக்கெடுப்பா என்றால் மனுவுக்கு 19. அப்படியானால் ஊர்வலம் கணக்கெடுப்பை ஊதித் தள்ளிவிட வேண்டும் இல்லையா? கணக்கெடுப்புக்கு 17! கரும்பலகையில் மூன்று அம்புக்குறி போட்டேன், வட்டமாகச் சுற்றிக்கொண்டு நின்றது. ஆளாளுக்கு வரிசை தெளிவாக இருந்தாலும் கூட்டினால் இப்படி ஆகலாம் என்று பிரெஞ்சு நாட்டுக் கணித அறிஞர் கோந்தோர்சே 1785லேயே எழுதிவிட்டார். படித்திருக்கிறேன், வகுப்பில் கண்ணால் பார்ப்பது இதுவே முதல் தடவை. பிள்ளைகளுக்கு அது கணக்குப் புதிர் மாதிரி ஜாலியாக இருந்தது. எனக்குத்தான் திங்கள்கிழமைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஜூலை 7, திங்கள்

ஒரு தப்பு செய்தேன், எழுதிவைக்கிறேன். ஞாயிறு இரவே மனு ஒன்றை எழுதி முடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய், "எல்லோரும் யோசித்துப் பாருங்கள், மனுவும் நல்ல வழிதானே" என்று இழுத்தேன். ஒருத்தி பட்டென்று கேட்டாள், "மிஸ், நீங்க ஏற்கெனவே முடிவு பண்ணிட்டீங்களா?" 1992இல் யூனிசெஃபுக்காக ரோஜர் ஹார்ட் என்ற ஆய்வாளர் குழந்தைகளின் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாக வரைந்தார். கீழே உள்ள மூன்று படிகளைப் பங்கேற்பாகவே அவர் கணக்கில் சேர்க்கவில்லை. பேருக்குக் கருத்துக் கேட்பது மூன்றாவது படி. நான் அதில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். மனு பையிலேயே இருக்கிறது.

ஜூலை 10, வியாழன்

இன்று கேள்வியை மாற்றினேன். எது பிடிக்கும் என்பதை விட்டுவிட்டு, யார் மாறினால் வண்டி மெதுவாகப் போகும் என்று கேட்டேன். ஓட்டுபவர், வேகத்தடை போடும் அதிகாரி, தலைமையாசிரியர் என்று பலகையில் வட்டங்கள் கூடின. அப்புறம் ஒரு பையன் தயங்கித் தயங்கி, "எங்க அப்பாவே அப்படித்தான் மிஸ் வருவார், என்னைக் கொண்டுவிடத்தான்" என்றான். சிரிப்பார்கள் என்று பார்த்தால் ஒருவரும் சிரிக்கவில்லை, இன்னும் நாலைந்து கை தூக்கியது. வேகமாக வருவது பெற்றோர் என்றால் அதிகாரிக்கு மனு கொடுத்து என்ன ஆகும்? கடந்து போகும் லாரி என்றால் வாசலில் ஊர்வலம் போவதை யார் பார்க்கப்போகிறார்கள்? இரண்டையும் கேட்டது நானில்லை. முதலில் எண்ணுவோம், யாரென்று தெரிந்த பிறகு மற்றதை முடிவு செய்வோம் என்று வந்து நின்றார்கள். அந்தச் சீட்டில் இருந்ததும் அதுதான்.

மறுபடி ஓட்டு வைக்கவில்லை. பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை விரல் காட்டச் சொன்னேன், இரண்டும் அதற்குக் கீழேயும் காட்டினால் என்ன மாறினால் ஒத்துக்கொள்வீர்கள் என்று சொல்ல வேண்டும். இரண்டு பேர் ஒரு விரல். "சாலையோரம் நின்னு எண்ணினா எங்களையே இடிச்சுட்டா?" எனக்கு இது தோன்றவே இல்லை, சொல்ல வெட்கம்தான். முதல் மாடி வராந்தாவிலிருந்து எண்ணுவது என்று மாற்றியதும் இரண்டு பேரும் நான்கு விரல் காட்டினார்கள்.

ஜூலை 15, செவ்வாய்

ஒத்திகை. கேட் தூணிலிருந்து விளக்குக் கம்பம் வரை சரியாக 50 மீட்டர், காலை ஏழு மணிக்கே ஆள் நடமாட்டம் இல்லாதபோது வாட்ச்மேன் அண்ணனும் நானும் டேப் பிடித்து அளந்தோம். அதை 6 விநாடியில் கடந்தால் மணிக்கு 30 கிலோமீட்டர், 4.5 என்றால் 40, 3.6 என்றால் 50. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்த பின் வண்டி ஓடும் தூரம் நான்கு மடங்காகும் என்பதை அறிவியல் மிஸ் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

ஸ்டாப்வாட்ச் ஊர்வலப் பையன் கையில். முதல் வண்டிக்கு அழுத்த மறந்தான், இரண்டாவதுக்கு அழுத்தி நிறுத்த மறந்தான். நோட்டுப் புத்தகத்தோடு பக்கத்தில் நின்றவள் அந்தப் பேசாத பெண், "கம்பத்தைப் பார்க்காதே, முன்சக்கரத்தைப் பார்" என்று அவனைத் திட்டுகிறாள்! வெளியே போன ஒரு வண்டி 3.9 விநாடி. அவள் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"மிஸ், இது நம்ம ஸ்டாஃப் வண்டி. எழுதவா, வேண்டாமா?"

எழுது என்றேன்.