முதலில் எதில் ஓட்டை, பிறகுதான் எத்தனை எம்.எம்.

ட்ரில் பிட் எடுக்கப் போகிறவர் முதலில் யோசிப்பது அளவைத்தான். எதில் ஓட்டை போடுகிறோம் என்பது அதற்கு முன்பே தீர்ந்திருக்க வேண்டும். இரும்பைச் சீவி எடுக்க வேண்டும், கான்கிரீட்டை இடித்துப் பொடியாக்க வேண்டும், டைல்ஸைத் தேய்த்துத்தான் இறக்க முடியும். பிட்டின் முனை அந்தந்த வேலைக்குத் தக்கபடிதான் இருக்கும்.

சுவர் பிட்டின் நுனியில் பற்றவைத்திருக்கும், கார்பைடு என்ற மிகக் கடினமான துண்டு மொட்டையாகத் தெரியும். அது மழுங்கல் இல்லை. இடிக்கிற முனைக்குச் சவரக்கத்தியின் கூர் எதற்கு? ஹேமரில், அதாவது ட்ரில் சுற்றிக்கொண்டே இடிக்கும் முறையில், போகும்போது பொடி நின்று, பிட் அதே இடத்தில் சுற்றினால் உள்ளே கம்பி தட்டியிருக்கிறது. மேலும் அழுத்தினால் சூட்டில் பற்றவைப்பு இளகி கார்பைடு கழன்றுவிடும். ஓட்டையைத் தள்ளிப் போடுங்கள்.

அதிகம் பிட் சாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில். வேகத்தைக் கூட்டி, பயந்து லேசாக அழுத்துவதுதான் காரணம். வெட்டாமல் உரசினால் உரசிய இடம் இறுகிவிடும். கீச்சென்ற சத்தம், நீலம் பாய்ந்த முனை, கண்ணாடிபோல் மின்னும் குழி. இதற்குப் பிறகு புது எச்.எஸ்.எஸ். (ஹைஸ்பீட் ஸ்டீல்) பிட்டும் இறங்காது. 8 எம்.எம். ஓட்டைக்கு 400 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு 400 சுற்று) போதும், 5 சதவீதக் கோபால்ட் உள்ள எம்35 பிட், 135 டிகிரி முனைக் கோணம், கட்டிங் ஆயில். சீவல் சுருளாக வரும்வரை அழுத்தம் தளரக் கூடாது. சீவல் நின்றால் அப்போதே பிட்டை எடுத்துவிட வேண்டும். ஓட்டைக்கு அடையாளக் குழி போடும் சென்டர் பஞ்சையும் ஓங்கி அடிக்காதீர்கள், அந்த அடியே இடத்தை இறுக்கிவிடும்.

சாதா இரும்புக்கு இந்தப் பாடில்லை. 118 டிகிரி எச்.எஸ்.எஸ். போதும், 10 எம்.எம். என்றால் சுமார் 800 சுற்று. பிட்டின் நட்டநடு முனை வெட்டுவதில்லை, உலோகத்தை நெருக்கித் தள்ளுகிறது. அதனால் முதலில் 3 எம்.எம். போட்டுவிட்டால் பெரிய பிட் சுகமாக இறங்கும்.

தங்க நிறத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். அது பெரும்பாலும் டைட்டானியம் நைட்ரைடு பூச்சு. சாணை பிடித்த இடத்தில் போய்விடும். கோபால்ட் உலோகத்திலேயே கலந்தது, எத்தனை சாணைக்கும் மிஞ்சும்.

மரத்தில் தட்டை பிட் போட்டால் மறுபக்கம் ஊசிமுனை எட்டிப் பார்த்ததும் நிறுத்தி, அந்தப் பக்கத்திலிருந்து முடியுங்கள், சிலும்பாது.

டைல்ஸ் ஒட்டிய சுவரில் ஹேமரை அணைத்து, ஈட்டிமுனை பிட்டால் மெதுவாக, தண்ணீர் தொட்டு. டைல்ஸ் தாண்டி சாந்துப் பொடி வந்த பிறகு சுவர் பிட்டை மாட்டி ஹேமரைப் போடலாம்.