ஒளித்து வைத்த யோசனைகள்

கும்மிடிப்பூண்டி தாண்டி, ஆந்திர எல்லைக்குள் தடா பக்கம் ஒரு வாகன உதிரிபாக கம்பெனியில் புரொடக்‌ஷனில் இருக்கிறேன். ஷிப்ட் பஸ்ஸில் பாதிப் பேர் ஆரம்பாக்கம் பக்கத்து ஆட்கள், மீதிப் பேர் சத்தியவேடு, சூலூர்பேட்டை. லைனில் தமிழும் தெலுங்கும் கலந்துதான் பேச்சு. தொழிலாளர்களிடமிருந்து புது யோசனை வர வேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்வார்கள். அதற்கென்று ஒரு பெட்டியும் இருந்தது. படிவம் இங்கிலீஷில், சூப்பர்வைசர் கையெழுத்து வாங்கித்தான் போட வேண்டும். யார் போடுவார்கள்?

யோசனை இல்லாமல் இல்லை. பெயின்ட் அடித்த பிளாஸ்டிக் மூடிகள் இரும்பு டிரேயின் விளிம்பில் உரசிக் கீறல் விழும், அதனாலேயே ரிஜெக்‌ஷன் ஏறும். எங்கள் லைனில் ஒரு அக்கா பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் கிழித்து விளிம்பு முழுக்கச் செருகி வைத்திருந்தார், அவர் டிரேயில் கீறலே வராது. ஆனால் ஆடிட் வருகிற அன்று காலையில் அதை உருவி லாக்கரில் வைத்துவிடுவார், கம்பெனி ஒப்புக்கொண்ட வரைபடமான டிராயிங்கில் இல்லாதது டிரேயில் இருந்தால் மெமோ. "யாரைக் கேட்டுப் பண்ணேன்னு கேப்பாங்க சார், எதுக்கு வம்பு" என்றார்.

தரத்தைப் பற்றி அவ்வளவு புள்ளியியல் பேசிய அமெரிக்க நிபுணர் எட்வர்ட்ஸ் டெமிங், நிர்வாகத்துக்கான தன் 14 கோட்பாடுகளில் எட்டாவதாகச் சொன்னது பயத்தை விரட்டுங்கள் என்பதுதான். டொயோட்டாவில் 1951லேயே யோசனைத் திட்டம் வந்துவிட்டது. கோளாறு கண்ணில் பட்டால் லைனில் நிற்கிறவரே கயிற்றை இழுத்து லைனை நிறுத்தலாம். இங்கே பெட்டி மட்டும் வந்தது, பயம் போகவில்லை.

அப்புறம் புது பிளான்ட் ஹெட் வந்தார், படிவத்தை எடுத்துவிட்டார். ஷிப்ட் மாறும்போது லைன் ஓரமாகவே நின்று பேச்சு, எந்த மொழியிலும் சொல்லலாம், குவாலிட்டி ஆட்களும் அங்கே வந்து நிற்க வேண்டும், ஒரு வாரத்துக்குள் பதில், முடியாது என்றால் ஏன் முடியாது என்ற காரணத்தோடு. எனக்கு அந்தக் கடைசி விஷயம்தான் எல்லாவற்றிலும் பெரிதாகத் தெரிகிறது. இருந்தும் முதலில் யாரும் வாய் திறக்கவில்லை. அக்காவின் டியூபைப் பார்த்து எல்லா டிரேக்கும் ரப்பர் பீடிங் (விளிம்புப் பட்டை) போட்டு, டிராயிங்கிலும் ஏற்றி, அவர் பெயரைத் தமிழிலும் தெலுங்கிலும் போர்டில் எழுதிய பிறகுதான் மற்றவர்கள் ஒவ்வொருவராகப் பேச வந்தார்கள்.

காண்ட்ராக்ட் ஆட்களுக்குப் பரிசு கிடையாது என்ற விதி மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது. மிஷினின் குணம் அவர்களுக்குத்தான் அத்துப்படி, அவர்களை ஒதுக்கிவிட்டு எந்த யோசனையைக் கேட்கப் போகிறோம்? அடுத்த மாதக் கூட்டத்தில் மறுபடி இதை எடுப்பேன், எச்ஆர் ஒத்துக்கொள்கிற வரைக்கும் எடுப்பேன்.