பூசணம் பிடித்த மூட்டை, பணம் தர மறுத்த கடை: டர்பனில் எங்கள் முதல் நாய்க்குட்டி

கெட்டுப்போன நாய் உணவுக்குக் கொடுத்த பணம் கைக்கு வந்துவிட்டது. ஆனாலும் அந்தக் கடைக்காரர்கள் என்னை அலைய விட்டதை நினைத்தால் இன்னும் கொதிப்பு அடங்கவில்லை. தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் முதல்முறையாக நாய்க்குட்டி வளர்க்கப் போகிற நம்மவர்கள், கடைக்குப் போவதற்கு முன்னால் இதைப் படித்துவிட வேண்டும் என்றுதான் சூடு ஆறுவதற்குள் எழுதுகிறேன்.

குட்டி கிடைத்ததில் சிக்கல் ஒன்றுமில்லை. பிராணிகள் காப்பகத்திலிருந்து ஒருவர் வந்து வேலியைப் பார்த்தார், வீட்டுக்காரரின் சம்மதக் கடிதம் கேட்டார், கொடுத்தோம், முடிந்தது. ஒன்பது வார ஆண் குட்டி, கலப்பினம். மணி என்று பெயர் வைத்தோம். கிளம்பும்போது காப்பகத்துப் பெண் ஒருவர், குட்டி அதுவரை தின்றுகொண்டிருந்த உணவிலேயே ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார். அவர்களாகத் தராவிட்டால் நீங்கள் கேட்டு வாங்குங்கள். குட்டியின் உணவைத் திடீரென்று மாற்றினால் வயிற்றால் போகும். பழையது முக்கால் பங்கு, புதியது கால் பங்கு என்று தொடங்கி, பாதிக்குப் பாதியாக்கி, ஏழு முதல் பத்து நாளுக்குள் மெல்ல மாற்ற வேண்டும்.

அப்புறம் கடை. நாங்கள் டர்பனின் புறநகரான சாட்ஸ்வொர்த்தில் ஓர் ஆன்ட்டி வீட்டின் அவுட்பில்டிங்கில், அதாவது அதே வளவுக்குள் தனியாக உள்ள சிறு கட்டடத்தில், வாடகைக்கு இருக்கிறோம். பக்கத்திலேயே வளர்ப்புப் பிராணிகளுக்கான கடை ஒன்று உண்டு, பெயர் வேண்டாம். குட்டிக்கு உணவு வேண்டும் என்றதும் அங்கிருந்த பையன் முதலில் எடுத்து வைத்தது உணவை அல்ல, கால்சியம் பொடி டப்பாவை. "எலும்பு பலமாக வளர வேண்டாமா?" என்றார். வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லிவிட்டேன், ஏனென்றால் கால்நடை மருத்துவர் முதல் நாளே எச்சரித்திருந்தார். குட்டிகளுக்கான முழுமையான உணவில் கால்சியமும் பாஸ்பரஸும் சரியான விகிதத்தில் ஏற்கெனவே இருக்கும். அதற்கு மேல் பொடி போட்டால், குறிப்பாகப் பெரிய இனக் குட்டிகளுக்கு, எலும்பு வளர்ச்சியே கோணலாகிவிடும். வேண்டாத கால்சியத்தை உடம்புக்குள் விடாமல் தடுக்கும் திறன் அந்த வயதுக் குட்டிகளுக்கு இல்லை. அடுத்து பால் பவுடர் வந்தது. மறந்துபோய்க்கூடப் பசும்பால் கொடுக்காதீர்கள், பால் மறந்த குட்டிக்கு அது பெரும்பாலும் வயிற்றைக் கலக்கும்.

உணவு மூட்டையைப் பொறுத்தவரை எனக்குத் தெரிந்ததையெல்லாம் பார்த்துத்தான் வாங்கினேன். இந்த நாட்டில் நாய் உணவு 1947ஆம் ஆண்டின் 36ஆம் எண் சட்டத்தின் கீழ் பதிவாக வேண்டும். மூட்டையில் அந்தச் சட்டத்தின் பெயரும், 'வி' என்ற எழுத்தில் தொடங்கும் ஒரு பதிவு எண்ணும் அச்சிட்டிருக்கும். அது இல்லாத மூட்டையைத் தொடாதீர்கள். புரதம், கொழுப்பு எல்லாம் இங்கே சதவீதத்தில் போடுவதில்லை, ஒரு கிலோவுக்கு எத்தனை கிராம் என்று போடுவார்கள். 280 என்று இருந்தால் 28 சதவீதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். 'முழுமையான உணவு' என்று எழுதியிருக்கிறதா, குட்டிகளுக்கானதா, வளர்ந்தால் எவ்வளவு பெரிதாகும் நாய்க்கானது, இந்த மூன்றும் முக்கியம். பையன் சிபாரிசு செய்ததோ வளர்ந்த நாய்க்கான பெரிய மூட்டை. "எல்லாம் ஒன்றுதான், இதுதான் மலிவு" என்றார். ஒன்றல்ல. வளரும் குட்டிக்குப் புரதமும் சக்தியும் கூடுதலாக வேண்டும். நான் குட்டிகளுக்கான 8 கிலோ மூட்டையையே கேட்டு வாங்கினேன். 500 ரேண்டுக்கு மேல் ஆனது. தேதி சரியாக இருந்தது, தையல் பிரியவில்லை.

வீட்டில் வாயைப் பிரித்ததும் காறிப்போன எண்ணெய் வாடை குப்பென்று அடித்தது. கையை விட்டுக் கிளறினால் அடியில் கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டு, மேலே சாம்பல் பச்சையில் பூசணம். மூட்டையின் அடிப்பக்கம் எங்கேயோ ஈரத்தில் கிடந்திருக்கிறது. டர்பன் புழுக்கத்தில் அது போதும். நல்லவேளை, மணியின் தட்டில் ஓர் உருண்டைகூட விழவில்லை.

வெறும் நாற்றம்தானே என்று விடக்கூடிய விஷயமில்லை இது. 2011இல் ஜோகன்னஸ்பர்க் இருக்கும் கௌடெங் மாகாணத்தில் அஃப்ளடாக்சின் கலந்த உலர் உணவைத் தின்று எத்தனையோ நாய்கள் செத்துப்போயின. பூஞ்சை உண்டாக்கும் அந்த விஷம் நேராகக் கல்லீரலைத் தாக்கும். விஷம் கண்ணுக்குத் தெரியாது, வேகவைத்தாலும் முழுசாகப் போகாது. அதனால் பூசணம் பிடித்த இடத்தை மட்டும் அள்ளிப் போட்டுவிட்டு மீதியைக் கொடுக்கலாம் என்ற எண்ணமே கூடாது. அப்படிப்பட்ட உணவைக் குட்டி தின்றிருந்து, வாந்தி, சாப்பாட்டில் வெறுப்பு, ஈறிலும் கண்ணிலும் மஞ்சள் என்று எது தெரிந்தாலும் உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

மூட்டையையும் பணம் கட்டிய ஸ்லிப்பையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். பணம் வாங்கும் டில்லில் இருந்த பெண் மூட்டைக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "திறந்த மூட்டையைத் திருப்பி வாங்க மாட்டோம்" என்று சொல்லி, சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைக் காட்டினார். திறக்காமல் உள்ளே பூசணம் இருப்பது எப்படித் தெரியும் என்று கேட்டேன். குட்டிக்கு ருசி பிடிக்காவிட்டால் கடை பொறுப்பில்லை என்றார். ருசியைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. மேனேஜர் இல்லை, திங்கட்கிழமை வாருங்கள் என்றார். திங்கட்கிழமை போனால் மேனேஜர் வேறொரு கிளையில் இருக்கிறாராம். வேலைக்கு அரை நாள் விடுப்புப் போட்டு, மூட்டையைச் சுமந்து போய்ச் சும்மா திரும்பினேன். அந்த வயிற்றெரிச்சல்தான் இன்னும் தீரவில்லை.

வீட்டுக்கு வந்து இரண்டு வேலை செய்தேன். மூட்டையில் அச்சிட்டிருந்த எண்ணில் தயாரிப்பு நிறுவனத்தைக் கூப்பிட்டேன். அவர்கள் மரியாதையாகப் பேசினார்கள். பேட்ச் எண் (எந்தத் தொகுதியில் தயாரானது என்று காட்டும் எண்), தேதி, பூசணத்தின் படம், ஸ்லிப்பின் படம் எல்லாம் கேட்டார்கள். மாதிரி கொஞ்சம் எடுத்து மூடி வைக்கச் சொன்னார்கள். இதனால்தான் சொல்கிறேன், பழைய மூட்டை தீரும்வரை பேட்ச் எண் உள்ள பையைக் குப்பையில் போடாதீர்கள். டப்பாவில் கொட்டி வைப்பவர்கள் பையோடு சேர்த்தே டப்பாவுக்குள் இறக்கி வையுங்கள். எண்ணெய்ப் பிசுக்கும் டப்பாவில் ஒட்டாது.

இரண்டாவது, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தை எடுத்துப் படித்தேன். 2008ஆம் ஆண்டின் 68ஆம் எண் சட்டம், 55, 56ஆம் பிரிவுகள். பொருள் குறையுடையதாக இருந்தால் வாங்கிய ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம். சரிசெய்து தருவதா, மாற்றித் தருவதா, பணமா என்று தேர்ந்தெடுப்பது வாங்கியவர், கடை அல்ல. திருப்பி அனுப்பும் செலவும் கடையுடையது. சுவரில் என்ன ஒட்டியிருந்தாலும் அது இந்தச் சட்டத்துக்கு மேலே போகாது. மனம் மாறிவிட்டது என்று திருப்பிக் கொடுப்பவருக்கு இது பொருந்தாது, கெட்ட பொருளுக்குத்தான்.

அடுத்த முறை மேனேஜரே இருந்தார். நான் குரலை உயர்த்தவில்லை. பிரிவு எண்ணைச் சொன்னேன், நிறுவனம் கொடுத்த புகார் எண்ணை முன்னால் வைத்தேன், பணம் வரவில்லையென்றால் நுகர்வோர் புகார்களை விசாரிக்கும் நுகர்வோர் பொருட்கள் சேவைகள் ஆம்புட்ஸ்மனிடம் எழுத்தில் புகார் போகும் என்றேன். அங்கே புகார் கொடுக்கக் கட்டணம் இல்லை. அவர் மூட்டைக்குள் ஒருமுறை பார்த்தார், முகத்தைச் சுளித்தார், முழுப் பணத்தையும் அட்டையிலேயே திருப்பிப் போட்டார். பதிலுக்கு வேறு மூட்டை எடுத்துக்கொள்ளச் சொன்னார். அந்த அடுக்கிலிருந்து இனி ஒரு பருக்கைகூட என் வீட்டுக்கு வராது.

இந்த இழுபறி நடந்த நாட்களில் காப்பகத்துப் பொட்டலம்தான் கைகொடுத்தது. அது தீர்ந்தபோது, மருத்துவர் சொன்னபடி உப்பு மசாலா இல்லாமல் வேகவைத்த கோழியும் சோறும் கொஞ்ச நாள் கொடுத்தோம். அது இடைக்கால ஏற்பாடு மட்டுமே. அதையே தொடர்ந்தால் சத்துக் குறைந்துவிடும்.

அதிலும் ஒரு தர்மசங்கடம். புரட்டாசி மாதம். ஆன்ட்டி வீட்டில் மாதம் முழுக்கக் கவிச்சி கிடையாது. அவுட்பில்டிங்காக இருந்தாலும் ஒரே வளவு. அவரிடம் சொல்லாமல் கோழி வேகவைக்க எனக்கு மனம் வரவில்லை, நேரில் போய்க் கேட்டேன். "நாங்கள் அந்தக் காலத்தில் சோறும் பருப்பும் போட்டே நாய் வளர்த்தோம்மா, இதுக்கும் அதையே போடேன்" என்றார். வளரும் குட்டிக்கு வீட்டுச் சைவச் சாப்பாடு மட்டும் போதாது, புரதமும் தாதுச் சத்தும் அதற்குத் தேவையான அளவில் கிடைக்காது என்று மருத்துவர் சொன்னதை எடுத்துச் சொன்னேன். கொஞ்சம் யோசித்தார். "குழந்தை மாதிரிதானே, பசியில் போடக் கூடாது. வெளிக் குழாயில் கழுவிக்கோ, என் சமையல்கட்டுப் பக்கம் கொண்டுவராதே" என்றார். தட்டு, கரண்டி, பாத்திரம் எல்லாம் தனி. இன்றுவரை அப்படித்தான். நம் வீடுகளில் விரதம் இருப்பவர்களோடு சேர்ந்து வாழ்கிறவர்கள், குட்டியைக் கொண்டுவருவதற்கு முன்பே இதைப் பேசி முடித்துவிடுங்கள்.

அன்பாக ஊட்டுகிறவர்களையும் கவனிக்க வேண்டும். பாயசத்தில் கிடக்கும் உலர்திராட்சை, குழம்பில் இருக்கும் வெங்காயம், சாக்லேட், நம் மாகாணமான குவாசுலு-நட்டாலில் விளைகிற மக்கடேமியா பருப்பு, சர்க்கரைக்குப் பதிலாகச் சைலிட்டால் போட்ட இனிப்புகள், இவையெல்லாம் நாய்க்கு நஞ்சு. வெந்த கோழி எலும்பு பிளந்து குடலைக் குத்தும்.

உண்ணி மருந்தில் இன்னொரு சண்டை. தென்னாப்பிரிக்காவில் நாய்க்கு உண்ணியால் வரும் பிலியரி என்கிற நோய் சர்வசாதாரணம், கவனிக்காவிட்டால் உயிரைக் குடித்துவிடும். அதனால் இது செல்லம் கொடுக்கிற செலவில்லை. அதே கடையில், பெரிய நாய்க்கான மாத்திரையை வாங்கிப் பாதியாக வெட்டிக் கொடுங்கள், பணம் மிச்சம் என்றார்கள். செய்யாதீர்கள். பிரவெக்டோ, நெக்ஸ்கார்ட் போன்ற மெல்லும் மாத்திரைகள் 8 வாரம் நிரம்பி, 2 கிலோ எடையும் வந்த குட்டிக்குத்தான். எடைக்கு ஏற்ற பெட்டியில் உள்ள முழு மாத்திரையைத்தான் தர வேண்டும். குட்டியின் எடையை மருத்துவமனைத் தராசில் பார்த்துக்கொண்டு பிறகு வாங்குங்கள். ஈறு வெளிறிப்போவது, காய்ச்சல், சோர்ந்து படுத்தே கிடப்பது, சிறுநீர் கறுத்துப்போவது, இவற்றில் எது தெரிந்தாலும் காலைவரை காத்திருக்கக் கூடாது.

மற்ற சாமான்களுக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். கவிழாத எஃகுத் தட்டு இரண்டு, நீட்டிக் குறைக்கக்கூடிய கழுத்துப்பட்டை, சாதாரண வார், பழைய போர்வை. விலை உயர்ந்த மெத்தையைப் பல் முளைக்கிற பருவம் முடிந்த பிறகு வாங்கலாம், அதற்கு முன்பு வாங்கினால் பஞ்சு பஞ்சாகப் பிய்த்துவிடும். செல்பேசி எண் பொறித்த வில்லையை மட்டும் முதல் வாரமே மாட்டுங்கள். தீபாவளியும், நவம்பர் 5 கை ஃபாக்ஸ் இரவு வெடியும் அடுத்தடுத்து வருகின்றன, சத்தத்துக்குப் பயந்து ஓடிப்போகிற குட்டிகள் ஏராளம். தோலுக்கடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப்பும் போட்டுவிட்டால் இன்னும் நல்லது.

கடைக்குக் குட்டியைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று பலர் கேட்கிறார்கள். தடுப்பூசிகள் முடியும்வரை தரையில் விடவே கூடாது. இங்கே கேட் ஃப்ளூ என்று பேச்சில் சொல்கிற பார்வோ என்ற கடும் வயிற்றுப்போக்கு நோயின் கிருமி மாதக்கணக்கில் தரையில் உயிரோடு இருக்கும். ரேபீஸ் ஊசி சட்டப்படி கட்டாயம். மூன்று மாதத்தில் ஒன்று, அதற்கடுத்த 12 மாதத்துக்குள் இன்னொன்று, பிறகு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை. குவாசுலு-நட்டாலில் ரேபீஸ் இன்னும் ஒழியவில்லை, இதில் தள்ளிப்போடக் கூடாது. அரசு கால்நடைத் துறையின் இலவச ஊசி முகாம்களும் நடக்கின்றன.

இப்போது வேறொரு கடையில் 2 கிலோ பையாக வாங்குகிறேன். கிலோ கணக்கில் கொஞ்சம் விலை கூடுதல்தான், ஆனால் புழுக்கத்தில் கெடுவதற்குள் தீர்ந்துவிடுகிறது. உருண்டைகளைத் திறந்த சாக்கிலிருந்து அள்ளி, பெயர் தேதி எதுவும் இல்லாத பிளாஸ்டிக் பையில் போட்டுத் தருகிற இடங்களில் வாங்கவே வேண்டாம். அந்தப் பையில் பிரச்சினை வந்தால் யாரிடம் போய் எந்த எண்ணைக் காட்டுவீர்கள்?

இன்னொன்று. பையின் முதுகில் உள்ள அளவு அட்டவணை ஒரு நாள் முழுமைக்கானது, ஒரு வேளைக்கானது அல்ல. அதை மூன்று நான்கு வேளையாகப் பிரித்துப் போட வேண்டும். சில பைகளில் குட்டியின் இப்போதைய எடைக்குப் பதில், வளர்ந்த பிறகு வரும் எடையை வைத்து அட்டவணை போட்டிருப்பார்கள். கலப்பினக் குட்டி என்றால் அந்த எடையை மருத்துவரிடமே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.