எங்க அரேபியன் குதிரை குட்டி போட்டாச்சு: தலை ஈத்து அப்டேட்

நஜ்மா குட்டி போட்டுட்டா, பெட்டைக்குட்டி, ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. அமீரகத்துல இருக்குற அல் அயின்ல நானும் நண்பரும் சேர்ந்து வளர்க்குற குதிரை, கேட்டவங்களுக்காக எழுதுறேன்.

பொலிகுதிரை தேடும்போது அழகு, வம்சம் எல்லாத்துக்கும் முன்னாடி ஜீன் ரிப்போர்ட்டைத்தான் கேட்டோம், ஏன்னா நஜ்மா எஸ்சிஐடி கேரியர், அதாவது எதிர்ப்பு சக்தி இல்லாம போற பரம்பரை நோயோட ஜீன் அவகிட்ட இருக்கு, ஆனா நோய் இல்ல. தாய் தகப்பன் ரெண்டும் கேரியர்னா குட்டி எதிர்ப்பு சக்தியே இல்லாம பொறக்க 25% வாய்ப்பு இருக்கு. கொடுமை என்னன்னா அது பொறக்கும்போது நல்லாத்தான் இருக்கும், சீம்பால்ல கிடைச்ச சக்தி தீர்ந்ததும் ஒண்ணு மாத்தி ஒண்ணு தொத்து வந்து பெரும்பாலும் அஞ்சு மாசத்துக்குள்ள போயிரும். ஒரு பக்கம் அந்த ஜீன் இல்லாம க்ளியரா இருந்தா போதும், இந்த நோய் வராது. 1997லயே டிஎன்ஏ டெஸ்ட் வந்தாச்சு, இன்னும் பார்க்காம சேர்க்குறவங்கள நினைச்சா கோவமா வருது.

சேர்த்து ரெண்டு வாரத்துல ஸ்கேன், ரெட்டைக் கரு இல்ல. அப்புறம் பதினோரு மாசம், 5, 7, 9வது மாசத்துல ஹெர்பிஸ் தடுப்பூசி, அவ்ளோதான்.

கடைசில மடி இறங்கி காம்பு நுனில மெழுகு கட்டுச்சு. தினமும் சாயங்காலம் ரெண்டு சொட்டு கறந்து பிஎச் ஸ்ட்ரிப்ல பார்த்தோம், 7க்கு மேல இருந்தது 6.4க்கு வந்துச்சு, குட்டி போடப் போறான்னு அர்த்தம், அன்னிக்கு யாரும் வீட்டுக்குப் போகல. நடுராத்திரி தாண்டி கழுத்தெல்லாம் வேர்த்து, படுத்து எழுந்து, வயித்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தா, பனிக்குடம் உடைஞ்சுது. என் கண்ணு முழுக்க வெளிய வர்ற பையோட கலர் மேலதான். வெல்வெட் சிவப்பா வந்தா நஞ்சுக்கொடி முன்னாடியே பிரிஞ்சுருச்சுன்னு அர்த்தம், டாக்டர் வர்ற வரைக்கும் காத்திருக்காம பையைக் கிழிச்சு குட்டியை இழுக்கணும். நல்லவேளை வெள்ளையா வந்துச்சு, உள்ள ஒரு கால் முன்ன, இன்னொண்ணு கொஞ்சம் பின்ன, அதுக்கு மேல மூக்கு. அரை மணிக்குள்ள முழுசா வெளிய. தாய் வயித்தைக் கிழிக்காம இருக்க குட்டியோட குளம்படில ரப்பர் மாதிரி மெத்துனு ஒரு உறை விரல் விரலா தொங்கும், அதைத் தொட்டப்ப எனக்கு பேச்சே வரல.

ஒரு மணி நேரத்துல நிக்கணும், ரெண்டுல பால் குடிக்கணும், மூணுல நஞ்சுக்கொடி விழணும்னு கணக்கு, எல்லாம் அதுக்குள்ளயே நடந்துச்சு. நஞ்சுக்கொடியை தரைல விரிச்சு துண்டு ஏதும் உள்ள தங்கலைன்னு பார்த்துட்டுத்தான் டீ குடிச்சோம். மறுநாள் குட்டியோட ரத்தத்துல ஐஜிஜி (எதிர்ப்பு சக்தி தர்ற புரதம்) 800 mg/dLக்கு மேல, சீம்பால் ஒழுங்கா சேர்ந்திருக்கு.

குட்டி இப்போ செம்பழுப்பு, ஆனா கண்ணைச் சுத்தி நரை முடி தெரியுது, அம்மா மாதிரியே வெளுத்துரும். பிடரி முடியை வேரோட பிடுங்கி பதிவுக்கும் எஸ்சிஐடி டெஸ்டுக்கும் அனுப்பியாச்சு. குட்டி போட்ட பத்து நாளைக்குள்ள வர்ற ஹீட்ல (சினைக்கு வர்ற பருவத்துல) நஜ்மாவைச் சேர்க்கல, கர்ப்பப்பை நல்லா சுருங்கட்டும்.