எச்-1பி வரவில்லை, எல்-1பியில் வந்தோம்

2022, 2023 இரண்டு மார்ச்சிலும் அமெரிக்க வேலை விசாவான எச்-1பியின் குலுக்கலில் என் பெயர் விழவில்லை. ஆண்டுக்கு 65,000 இடம், அமெரிக்காவில் முதுகலை படித்தவர்களுக்கு மேலும் 20,000. பதிவு செய்கிறவர்களோ பல மடங்கு. நான் படித்தது திருநெல்வேலியில். இரண்டாவது முறையும் கைவிட்டுப்போன அன்று மேலாளரே எல்-1பி பற்றிச் சொன்னார். வெளிநாட்டுக் கிளையில் இருக்கும் ஊழியரை நிறுவனம் தன் அமெரிக்க அலுவலகத்துக்கு மாற்றிக்கொள்வதற்கான விசா அது. அதற்கு வரம்பும் கிடையாது, குலுக்கலும் கிடையாது. கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் அதே நிறுவனத்தின் வெளிநாட்டுக் கிளையில் தொடர்ந்து ஓராண்டு வேலை பார்த்திருக்க வேண்டும், அந்த நிறுவனத்துக்கே உரிய சிறப்பு அறிவும் இருக்க வேண்டும். சென்னை அலுவலகத்தில் எனக்கு ஆறு வருடம் ஆகியிருந்தது.

பெரிய நிறுவனம் என்பதால் பிளாங்கெட் முறை, அதாவது நிறுவனம் முன்கூட்டியே மொத்தமாக ஒப்புதல் வாங்கி வைத்திருக்கும். ஐ-129எஸ் படிவத்தோடு நேராக அண்ணா மேம்பாலம் பக்கத்து அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்குப் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி முக்கியமாகக் கேட்டது ஒன்றுதான்: "உங்கள் டீமில் மற்றவர்களுக்குத் தெரியாத எது உங்களுக்குத் தெரியும்?" வக்கீல் எழுதிய நீளமான கடிதத்தை அவர் புரட்டக்கூட இல்லை. எங்கள் நிறுவனமே எழுதிய பில்லிங் மென்பொருளில் வரி கணக்கிடும் பகுதி நான் கட்டியது, புதியவருக்கு அதைச் சொல்லிக்கொடுக்க எட்டு மாதமாவது பிடிக்கும் என்றேன். முத்திரை விழுந்தது. நேர்காணலுக்குப் போகிறவர்கள் இந்தப் பதிலை வீட்டில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

எல்-1பியின் அருமை என் கணவர் விஷயத்தில்தான் புரிந்தது. எல்-1 ஊழியரின் துணைவருக்குக் கிடைப்பது எல்-2 விசா. 2021 நவம்பரிலிருந்து அந்தத் துணைவருக்குத் தனி வேலை அனுமதி அட்டை கட்டாயமில்லை. அமெரிக்காவுக்குள் நுழைந்ததற்கான பதிவான ஐ-94இல் 'எல்-2எஸ்' என்று இருந்தால் போதும். இறங்கிய அன்றிரவே அதைத் தரவிறக்கி, அந்த 'எஸ்' இருக்கிறதா என்று இருவரும் போனில் பெரிதாக்கிப் பார்த்தோம். இருந்தது. மூன்றாவது மாதம் அவர் வேலையில் சேர்ந்தார். நான் எச்-1பியில் வந்திருந்தால் அவருக்குத் துணைவர் விசாவான எச்-4. கிரீன் கார்டுக்காக நிறுவனம் போடும் என் ஐ-140 மனு ஒப்புதலாகும்வரை வேலை அனுமதி கிடைக்காமல் வீட்டில்தான் இருந்திருப்பார்.

சரி, கஷ்டமே இல்லையா? இருக்கிறது. எச்-1பிக்காரர்கள் புது நிறுவனம் மனு போட்டதுமே அங்கே சேர்ந்துவிடலாம். எனக்கு அந்த வழி இல்லை. எல்-1பி மொத்தம் ஐந்தே ஆண்டு. இந்தியாவில் பிறந்தவர்களுக்கு கிரீன் கார்டு அதற்குள் வராது. எச்-1பியின் ஆறு ஆண்டை ஐ-140 இருந்தால் நீட்டிக்கலாம் என்பதால் என்றாவது அதற்கு மாறியே ஆக வேண்டும். ஆனால் நான் மாறினால் அவருடைய எல்-2எஸ்ஸும் போய்விடும். அந்த வேலை அவருக்கு எவ்வளவு பிடித்திருக்கிறது என்று தினமும் பார்க்கிறேன்.

அதனால் எச்ஆரிடம், முதலில் கிரீன் கார்டு மனு, எச்-1பி பதிவு அப்புறம் என்று கேட்டேன். ஆறு வாரம் விடாமல் மெயில் போட்ட பிறகே ஒத்துக்கொண்டார்கள். போன மாதம் ஐ-140 ஒப்புதல் வந்தது. வருகிற மார்ச்சில் மறுபடி பதிவு செய்கிறோம்.