யாரு இன்னும் டிக்கெட் எடுக்கல?

1998-ல் கண்டக்டராகச் சேர்ந்த புதிதில் எனக்கு வேலை பழக்கிய அண்ணாச்சி ஒரே ஒரு பாடம்தான் சொன்னார். “பையைப் பாக்காத, சட்டையைப் பாக்காத, கண்ணைப் பாரு. டிக்கெட் எடுத்தவன் உன்னைப் பாப்பான். எடுக்காதவன் ஜன்னலைப் பாப்பான்.”

நாகர்கோவில் அண்ணா பஸ் ஸ்டாண்டிலிருந்து அம்மாண்டிவிளை, மணவாளக்குறிச்சி, மண்டைக்காடு வழியாகக் குளச்சல். மண்டைக்காட்டு அம்மன் கோயில் மாசிக் கொடை நாட்களில் அங்கே போகிற கூட்டத்தில் படியில் கால் வைக்க இடம் இருக்காது. அந்த நெரிசலிலும் “யாரு இன்னும் டிக்கெட் எடுக்கல?” என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு முகங்களை ஒரு ஓட்டு ஓட்டினால் போதும், சட்டென்று திரும்புகிற தலை எது என்று தெரிந்துவிடும். 24 வருஷம் இந்த ஒரு வித்தையை வைத்துத்தான் பிழைத்தேன். அந்த முகங்களும் என்னைப் பார்க்கின்றன என்பது 2022 வரை என் மண்டையில் ஏறவில்லை.

இடது மூக்குமடலில் பரு மாதிரி ஒரு கறுப்புக் குரு. மச்சம் என்று இருந்துவிட்டேன். முகம் மழிக்கிறபோது லேசாக ரத்தம் வரும், பொருக்கு கட்டும், உதிரும், மறுபடி வரும். உள்ளூர் டாக்டர் ஒருவர் கொடுத்த களிம்பை ஒரு வருஷத்துக்கு மேல் பூசினேன். அவரைக் குறை சொல்லி என்ன, ஆறாத புண்ணைக் கண்ணாடியில் தினமும் பார்த்தவன் நான்தானே. கடைசியில் திருவனந்தபுரத்தில் சதை எடுத்துச் சோதித்து, பேசல் செல் கார்சினோமா என்று எழுதிக் கொடுத்தார்கள். தோல் புற்றுநோயில் உலகத்தில் அதிகம் பேருக்கு வருவது இதுதானாம். வேறு உறுப்புக்குப் பரவுவது மிக அபூர்வம். ஆனால் இருக்கிற இடத்தை மெதுவாக அரித்துக்கொண்டே போகும். வெள்ளைக்காரர்களை ஒப்பிட்டால் நம் போன்ற நிறத்துக்காரர்களுக்குக் குறைவு, வந்தாலும் பலருக்குக் கறுப்பாக வருவதால் மச்சக் கணக்கில் போய்விடும் என்றார் டாக்டர்.

“வெயில்ல வேலையா?” என்று கேட்டார். பஸ்ஸுக்குள்ளேதான் சார் என்றேன். “அதுக்கு முன்னால?” அப்போதுதான் புத்தளம் உப்பளம் ஞாபகம் வந்தது. பதினாறு வயதிலிருந்து எட்டு வருஷம் அங்கே உப்பு வாரினேன். உப்பளத்தில் வெயில் மேலிருந்து மட்டும் அடிக்காது. வெள்ளைப் பாத்தியில் பட்டு, குனிந்த முகத்துக்குக் கீழேயிருந்தும் அடிக்கும். அன்றைக்கு வாங்கிய வெயிலுக்கு உடம்பு கணக்குப் பார்க்க முப்பது வருஷம் எடுத்துக்கொண்டிருக்கிறது.

எங்கள் மாவட்டத்தில் இந்தச் சமாதானத்தை யாரும் ஏற்க மாட்டார்கள். புற்று என்றதும் “மணவாளக்குறிச்சி மண்ணுல்லா!” என்பார்கள். கடற்கரை மணலில் மோனசைட் இருக்கிறது, அதில் தோரியம் இருக்கிறது, கதிர்வீச்சு இருக்கிறது, எல்லாம் உண்மைதான். ஆனால் என் மூக்குக்கு டாக்டர் சொன்ன காரணம் வெயில். இதை நான் விளக்கி முடிப்பதற்குள் குளச்சல் வந்துவிடும்.

கட்டியைச் சுற்றிலும் சில மில்லிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்து எடுத்தார்கள். மடலில் பெரும்பகுதி போயிற்று. அதை அடைக்க நெற்றித் தோலை வெட்டி, புருவத்தின் உள்முனைப் பக்கம் மட்டும் விடாமல் வைத்துக்கொண்டு, திருப்பி இறக்கி மூக்கில் தைத்தார்கள். அந்தப் பக்கத்து ரத்தக்குழாய்தான் மூக்கில் ஒட்டிய தோலுக்கு உயிர். புது இடத்தில் ரத்த ஓட்டம் பிடிக்க மூன்று வாரம், அதன்பிறகுதான் பாலத்தை அறுப்பார்கள். அந்த மூன்று வாரமும் புருவத்திலிருந்து மூக்கு வரை தும்பிக்கை மாதிரி ஒரு சதை. மூக்கில் ஈ உட்கார்ந்தால் எனக்கு நெற்றியில் ஊறும். நெற்றியைத் துடைப்பேன், ஈ மூக்கிலேயே இருக்கும்.

வார்டில் இருந்த ஒரு பையன் டாக்டர் நான் உம்மென்று இருப்பதைப் பார்த்து ஒரு கதை சொன்னான். நெற்றித் தோலில் மூக்குச் செய்வது நம் நாட்டில் பரம்பரையாகச் செய்து வந்த வைத்தியமாம். 1794-ல் லண்டன் பத்திரிகை ஒன்றில் படத்தோடு வந்திருக்கிறது. ஆங்கிலேயப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய ஒருவர் திப்பு சுல்தானின் ஆட்களிடம் மாட்டி மூக்கறுபட்டார். பிறகு புனேயில் நெற்றித் தோலை வைத்து அவருக்கு மூக்கு கட்டினார்கள். அதைப் படித்துத்தான் ஐரோப்பா இந்த வித்தையைக் கற்றுக்கொண்டதாம். வண்டிக்காரர்! அப்படியானால் நம்ம டிப்பார்ட்மெண்ட்தான் என்றேன். ஆபரேஷனுக்குப் பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான், தையல் இழுத்தது.

வீட்டுக்குப் பார்க்க வந்தவர்கள் ஏத்தம்பழச் சீப்பைத் திண்ணையில் வைத்துவிட்டு மின்விசிறியைப் பார்த்தே பேசினார்கள். ஆர்.சி.சி.யில், அதாவது திருவனந்தபுரத்துப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில், காட்டியாச்சா என்று மட்டும் எல்லாரும் கேட்டார்கள். எங்கள் ஊரில் அந்த மூன்று எழுத்தே நோயின் பெயர், புற்று என்ற சொல்லை வாயில் எடுக்க வேண்டிய அவசியமில்லை.

திரும்பிப் போனபோது டிப்போவில் உட்கார்ந்த வேலை தருவதாகச் சொன்னார்கள். உன் நல்லதுக்குத்தான், வெயிலும் படாது, நாலு பேர் கேள்வியும் கிடையாது என்றார் மேலதிகாரி. மனிதர் நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனாலும் அந்த ‘நாலு பேர்’ எனக்கு உறைத்தது. லைனுக்கே போகிறேன் என்றேன்.

முதல் மாதம் மாஸ்க் காப்பாற்றியது. கொரோனா ஓய்ந்த காலம், யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை. ஆனால் மாஸ்க்கோடு விசில் ஊத முடியாதே! ஒவ்வொரு ஸ்டாப்பிலும் இறக்கு, ஊது, ஏற்று. ஒரு டிரிப்பில் எத்தனை ஸ்டாப், அத்தனை தடவை முகம் திறப்பு விழா. ஒருநாள் மணவாளக்குறிச்சி தாண்டும்போது கயிறு அறுந்தது. அதோடு விட்டுவிட்டேன்.

அன்றைக்கு ஆரம்பித்த வினையை நான் எதிர்பார்க்கவே இல்லை. “யாரு இன்னும் டிக்கெட் எடுக்கல?” என்று குரல் கொடுத்துத் திரும்பினால், வண்டி முழுக்க ஜன்னலைப் பார்க்கிறது. டிக்கெட் எடுத்தவர், எடுக்காதவர், பாஸ் வைத்திருக்கிற காலேஜ் பிள்ளை எல்லாரும். பணத்தை நீட்டுகிற கை வருகிறது, முகம் வருவதில்லை. சீட்டைக் கொடுத்தால் பிடிக்கிறார்கள், பிடித்த விரல்களைத்தான் நான் பார்க்கிறேன். அவர்களிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, எனக்கு வலிக்கக்கூடாதே என்றுதான். ஆனால் என் தொழில் போயிற்று. முறைத்துப் பார்க்கிற சின்னப் பிள்ளைகளின் தலையைத் தாய்மார் திருப்பிவிடுவார்கள். திருப்பாதீங்கம்மா, பாக்கட்டும் என்று சொல்ல வாய் வரும், சொல்ல மாட்டேன்.

இந்த இடத்தில் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். 2021 டிசம்பரில் மீன் விற்கும் ஒரு அம்மாவை, நாற்றம் அடிக்கிறது என்று குளச்சலில் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்ட செய்தி ஊரெல்லாம் பரவியது. பணியாளர்களை சஸ்பெண்ட் செய்தார்கள். நான் யாரையும் இறக்கிவிட்டதில்லை. ஆனால் “வட்டிய பொறத்த வை”, மீன்கூடையைப் பின்னால் வை என்று மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு எத்தனை நாள் சொல்லியிருக்கிறேன்! ஜன்னலைப் பார்த்தபடி சீட்டு நீட்டிய கண்டக்டர் நானும்தான்.

மீன்காரம்மா ஒருத்தி, வழக்கமாக ஏறுகிறவள்தான். மகளிருக்குக் கட்டணம் இல்லை என்று 2021 மே மாதத்திலிருந்து வந்துவிட்டது, என்றாலும் சீட்டுக் கிழித்துக் கொடுக்க வேண்டும். சீட்டை நீட்டினேன். வாங்காமல் என் முகத்தையே பார்த்தாள்.

“மோனே, மூக்குல என்ன?”

“புற்று. அறுத்து எடுத்தாச்சு.”

“எனக்க தங்கச்சிக்கு மார்ல. அவளுக்கும் எடுத்தாவ.” கழுத்தை நீட்டி இன்னும் பக்கத்தில் பார்த்தாள். “நல்லாத்தான் தச்சிருக்கான். கிழிஞ்ச வலைய முடிஞ்ச மாதிரி, கண்ணு தெரியுது, ஆனா மீன் போவாது.” பிறகுதான் சீட்டை வாங்கி ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். பின்சீட்டில் யாரோ சிரித்துவிட்டார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அன்றைக்கு வட்டி முன்பக்கத்திலேயே இருந்தது.

வெயிலுக்கு இரண்டு மணிக்கு ஒருமுறை கிரீம் பூசச் சொல்லியிருக்கிறார்கள். குளச்சலில் வண்டி நிற்கிற நேரத்தில் டிரைவர் கண்ணாடியில் பார்த்துப் பூசுவேன். வேர்வையில் வெள்ளை வெள்ளையாக நிற்கும். “அண்ணே, இன்னைக்கு எந்த ஊர்ல கூத்து?” என்பார் டிரைவர். அவர் ஒருவர்தான் முதல் நாளிலிருந்து இதே பேச்சு.

போன மாசிக் கொடையில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். நல்ல கூட்டம். அம்மாண்டிவிளையில் ஏறிய பையன் ஒருவன், இருபது வயது இருக்கும், கம்பியைப் பிடித்தபடி என்னை நேருக்கு நேர் பார்த்தான். மூக்கைப் பார்த்தான், கண்ணைப் பார்த்தான், சிரித்தான். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பக்குவமான பிள்ளை, டிக்கெட் எடுத்திருப்பான் என்று அவனைத் தாண்டிப் போனேன். மணவாளக்குறிச்சியில் செக்கிங் ஏறினார்கள். வண்டியில் டிக்கெட் இல்லாதவன் அவன் ஒருவன்தான்.

“இத்தனை வருஷ சர்வீஸ், இவன் மூஞ்சியைப் பாத்தா உமக்குத் தெரியலையா?” என்று இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். என் மூஞ்சியைப் பார்த்தார். அப்படியே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவரிடமும் டிக்கெட் கிடையாதுதானே.